டிராஃப்ட்டு சார் அனுப்பிய மெயில்

உலகத்தில் பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, லிஃப்ட்டுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ‘அனுப்பு’ என்று எழுதியிருக்கும் ஒரு சின்ன நீலப் பொத்தானுக்குப் பயந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்தப் பொத்தானை அமுக்குவதற்காகத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள் என்பது இதில் விசேஷம்.

அவருடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆபீஸில் எங்களுக்கு அவர் டிராஃப்ட்டு சார். எழுதி முடித்த மெயில்கள் எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், ‘டிராஃப்ட்’ என்ற பெட்டிக்குள் நெல் மூட்டை மாதிரி அடுக்கிக் கிடந்ததால் வந்த பேர்.

எங்கள் ஆபீஸ் விழுப்புரத்தில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்கு விதை, தொட்டி, மண்புழு உரம் எல்லாம் பார்சலில் அனுப்பும் கம்பெனி. வாங்கினவர்கள், வாங்கலாமா என்று யோசித்தவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் எங்களிடம் ஈமெயில் முகவரி கொடுத்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர்களுக்கு ஒரு மெயில் போக வேண்டும். அதில் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்று தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்டு சாரின் வேலை. அதற்குப் படம் போட்டு அலங்காரம் பண்ணுவது என் வேலை. போன் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் நஸ்ரினின் வேலை. எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கத்துவது முதலாளியின் வேலை.

முதலாளி கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர். மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பேர்) கேப்பையும் விளைவிக்கிற குடும்பம். விதை என்றால் போட்டதும் முளைக்க வேண்டும், மெயில் என்றால் போட்டதும் ஆர்டர் வர வேண்டும் என்ற கொள்கை உடையவர். செவ்வாய்க்கிழமை காலையில் படியேறும்போதே குரல் வரும்.

“இன்னா சார், மெயிலு போச்சா?”

“போய்க்கினே இருக்குங்க” என்பார் டிராஃப்ட்டு சார். அது போகாது.

முதல் வார்த்தையிலேயே அவருக்குச் சிக்கல் வந்துவிடும். ‘அன்புள்ள தோட்டக்காரருக்கு’ என்று ஒரு தடவை ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கவிதா, தோட்டக்காரர்னு கூப்ட்டா யாராச்சும் கோச்சிக்குவாங்களா?”

“தோட்டம் போடறவங்கதானே சார், எதுக்குக் கோச்சிக்கப் போறாங்க?”

“இல்லம்மா. இதுல ரிட்டையர்டு ஜட்ஜு ஒருத்தர் இருக்காரு. அவரப் போயி தோட்டக்காரான்னு கூப்புடறாப்ல ஆயிடும்ல.”

‘அன்புள்ள நண்பருக்கு’ என்று மாற்றினார். முகம் தெரியாத பெண்களை நண்பர் என்று அழைத்தால் வீட்டுக்காரர்கள் சந்தேகப்படுவார்களோ என்று அடுத்த கவலை. ‘ஐயா, அம்மா’ என்று மாற்றினார். கல்யாணமாகாத பெண்கள் வருத்தப்படுவார்களோ என்று அதற்கடுத்த கவலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெறும் ‘வணக்கம்’ மட்டும் மிஞ்சியது. அதையும் சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயம் அவருக்குப் பிறவியில் வந்தது அல்ல. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். முன்பு திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில் இருந்திருக்கிறார். மிளகாய்ச் செடிக்கு எவ்வளவு உரம் போடுவது என்று ஒருவர் கேட்க, இவர் பதில் சொல்ல, அவர் போய்ப் போட, மொத்தத் தோட்டமும் ஒரே வாரத்தில் கருகிப்போயிற்றாம்.

“நான் ஒரு புடின்னேம்மா. அவரு காதுல ஒரு படின்னு வுழுந்திருக்கு.”

நானும் நஸ்ரினும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. “ஒருத்தர் காதுல தப்பா வுழுந்ததுக்கே அந்தக் கதி. இங்க ஒரு தடவ அமுக்கினா அத்தினி பேருக்கும் போயிடுது. திரும்பக் கூப்புட முடியுமா?” என்று கேட்டார். அவர் விரல் அந்த நீலப் பொத்தானுக்கு மேலே கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கத்தரிக்காய்ப் புழுவைப் பற்றி எழுதிய வாரம் இன்னும் மோசம். நான் புழுவைப் பெரிதாக, பளபளவென்று படம் போட்டிருந்தேன். அவர் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சாப்புடற நேரத்துல யாராச்சும் தொறந்தா?”

“காலைல பத்து மணிக்கு யார் சார் சாப்பிடறாங்க?”

“நைட் டூட்டி பாத்துட்டு வர்றவங்க?”

கடைசியில் மெயிலின் தலைப்பிலேயே ‘சாப்பிட்டு முடித்த பிறகு திறக்கவும்’ என்று போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். எங்கள் கம்பெனி வரலாற்றில் அந்த மெயிலைத் திறந்த அளவுக்கு வேறெந்த மெயிலையும் யாரும் திறந்ததில்லை. வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

“சூப்பர் சார்! இனிமே எல்லா மெயில்லயும் இதையே போடுங்க.”

டிராஃப்ட்டு சார் முகம் வெளிறிவிட்டது. “அப்ப இன்னும் சாப்புடாதவங்க பட்டினியா காத்துக்கினு இருப்பாங்களேங்க?”

மெயில் வேண்டாம் என்று யாராவது பேரை நீக்கிக்கொண்டால், அவருக்கு அது வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி. அன்றைக்கு டீ இறங்காது. ஒரு தடவை மனசு கேட்காமல், பார்சல் விலாசத்திலிருந்து நம்பரைத் தேடி எடுத்துப் போனே போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

“வணக்கங்க. விதைக் கம்பெனிலேர்ந்து பேசறேன். நாங்க இன்னா தப்பு பண்ணோம்ங்க?”

அந்தப் பக்கம் ஒரு சென்னைக்காரர். “இன்னாது?”

“மெயிலு வாணாம்னு அமுக்கிட்டீங்க. அதான் மனசு கேக்கல. தக்காளி பத்தி எழுதினது தப்பா? இல்ல, அதுக்கு முன்னாடி வாரம் எருவைப் பத்தி எழுதினேனே, அதுவா?”

அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். வீட்டை விற்றுவிட்டாராம். இப்போது இருப்பது பால்கனி இல்லாத அடுக்குமாடி வீடாம். மொட்டை மாடியில் செடி வைக்க அசோசியேஷன் விடாதாம். மெயில் வருகிற ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பழைய மாடி ஞாபகம் வந்து தொலைக்கிறதாம்.

“ஜன்னல் இருக்குதுங்களா?” என்று கேட்டார் டிராஃப்ட்டு சார்.

“இருக்கு.”

“வெயில் எந்தப் பக்கம் வருது?”

அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியில் தொட்டியைக் கட்டிக் கொத்தமல்லி வளர்ப்பது எப்படி என்று பேச்சு ஓடிற்று. அந்த மனிதர் மறுபடியும் பேர் கொடுத்தார். கேள்விப்பட்ட முதலாளி, “அப்ப போறவங்க எல்லாருக்கும் போன் போடுங்க சார்” என்று உத்தரவு போட, அடுத்த அழைப்பை எடுத்த அம்மாள், “உங்க மெயில எல்லாம் படிச்சிக்கினு இருந்தா நான் எப்பங்க தண்ணி ஊத்துறது?” என்று கேட்டு வைத்துவிட்டார். டிராஃப்ட்டு சார் போனைக் கையில் பிடித்தபடி, “அவங்க சொல்றதும் நாயந்தான்” என்றார்.

விதை வாங்கிப் பாக்கெட்டையே பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் மேல் அவருக்குத் தனிப் பாசம் இருந்தது. அவர்களுக்கென்று ஒரு மெயில் எழுதினார். தலைப்பு: ‘பரவாயில்லை.’ வேலை இருந்திருக்கும், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், வெண்டை விதை கோபித்துக்கொள்ளாது, அடுத்த மாதம் போட்டாலும் முளைக்கும் என்று எழுதியிருந்தார். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“பரவால்லன்னு சொல்லிட்டா எவன் சார் புதுசா வாங்குவான்? பேஜாரா பூடுச்சி உங்களோட!”

இத்தனை பேரிலும் அவர் மனசில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர். யார் மெயிலைத் திறந்தார்கள், எத்தனை தடவை திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும். அதில் தனலட்சுமி என்ற பெண் ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாகத் திறப்பார். திறந்து, மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடி, சாயங்காலம் வரைக்கும் அதே மெயிலைத் திறந்துகொண்டே இருப்பார். ஊர், டிராஃப்ட்டு சார் தினமும் ரயிலில் வந்துபோகும் அதே திண்டிவனம். முகம் தெரியாத அந்த வாசகியை அவர் ‘நம்ம அம்மா’ என்று சொல்லுவார்.

“பாரும்மா, மறுபடியும் தொறந்துட்டாங்க. வரி வரியா படிக்கிறாங்க.”

அதிலிருந்து என்ன அனுப்பலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அவர் கேள்வி ஒன்றுதான். நம்ம அம்மாவுக்கு இது புரியுமா? நம்ம அம்மா வீட்டில் இவ்வளவு வெயில் வருமா? நம்ம அம்மாவுக்குப் பத்தலைன்னா? பத்தவில்லை என்று தோன்றியதால் மெயில் வாரத்துக்கு வாரம் நீண்டது. முருங்கைக்காய் பற்றிய மெயிலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் விரல் வலித்தது. “அவங்க தெருவுலதான் நான் நடந்து ஸ்டேஷனுக்கு வர்றேன்” என்று ஒரு நாள் சொன்னார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். “போயி இன்னான்னும்மா சொல்றது? எப்படி இருக்கு மெயிலுன்னா கேக்கறது?” என்று பதறினார்.

அந்தக் கார்த்திகை மாதம் வியாபாரம் ரொம்பவும் படுத்துவிட்டது. முதலாளி ஒரு நாள் கத்தாமல் பேசினார். அவர் கத்தாமல் பேசியதைக் கேட்டு நஸ்ரின் பார்சல் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“சார், மழைக்கு ஒரு தள்ளுபடி போடறோம். இந்த மெயில்ல ஆர்டர் வரலன்னா மெயிலு வேலையே வாணாம்னு இருக்கேன். கவிதா, உனக்கும்தாம்மா சொல்றேன். நான் இன்னா பண்ணட்டும்?”

டிராஃப்ட்டு சாரின் மகள் அப்போது காலேஜில் கடைசி வருஷம். என் வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் வாடகை. இரண்டு பேரும் உட்கார்ந்து மெயிலைத் தயார் பண்ணினோம். ‘மழை வந்தாச்சு! தள்ளுபடி மழையில் நனைய வாங்க!’ என்று முதலாளியே தலைப்புக் கொடுத்தார். விதைப் பாக்கெட்டுகள் வானத்திலிருந்து கொட்ட, ஒரு குடும்பமே குடையைத் தலைகீழாகப் பிடித்து அள்ளுவது மாதிரி நான் படம் போட்டேன். டிராஃப்ட்டு சார் முனகிக்கொண்டே, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தானாகவே போகும்படி நேரம் வைத்தார். தானாகப் போவதில் அவருக்கு ஒரு நிம்மதி. விரல் படாதல்லவா!

ஞாயிற்றுக்கிழமை காற்று ஆரம்பித்தது. திங்கட்கிழமை முழுக்கக் கொட்டிற்று. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது விழுப்புரத்தில் எங்கள் தெரு ஏரி மாதிரி இருந்தது. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கோலியனூர் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகிவிட்டது என்றார்கள். ரயில் ஓடவில்லை. மொட்டை மாடிப் படியின் உச்சியில் உட்கார்ந்தால் மட்டும் போனில் கொஞ்சம் சிக்னல் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் டிராஃப்ட்டு சார் கூப்பிட்டார்.

“கவிதா, எப்படிம்மா இருக்க? வூட்ல தண்ணி பூந்துச்சா?”

“வாசப்படி வரைக்கும் வந்து நிக்குது சார். நீங்க?”

“எங்கள வுடு. அந்த மெயிலு பத்து மணிக்குப் போயிடும்மா.”

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் கம்ப்யூட்டர்களில் கரண்ட் இல்லாவிட்டாலும், எங்கேயோ இருக்கிற ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சொன்ன நேரத்துக்கு அதை அனுப்பிவிடும்.

“தண்ணியில நிக்கிறவன் கிட்ட போயி நனைய வாங்கன்னு சொல்றதா? போவக்கூடாதும்மா அது. உன்னால நிறுத்த முடியுமா?”

லேப்டாப்பில் சொட்டுப்போல சார்ஜ் இருந்தது. போனிலிருந்தே இன்டர்நெட் எடுக்கலாம். “நிறுத்தலாம் சார். ஆனா மொதலாளி?”

“அவருக்குத்தான் அடிச்சிக்கினே இருக்கேன். போகல.”

அந்த மெயிலில் எங்கள் இரண்டு பேர் வேலையும் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அவர் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்வார், பத்து மணி ஆகிவிடும், குடையோடு அந்தக் குடும்பம் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன்.

“நிறுத்திடு” என்றார். “நிறுத்திட்டு, நான் சொல்றத அடி.”

“வேற மெயிலா? இப்பவா சார்?”

“செவ்வாக்கெழம நம்ம மெயிலு வரும்னு அவங்களுக்குத் தெரியும். வரலன்னா நமக்கு இன்னமோ ஆயிடுச்சின்னு பயந்துடுவாங்க. ஜல்தி, அடிம்மா.”

அப்படி யாரும் பயப்படப்போவதில்லை. ஆனாலும் லேப்டாப்பை மடியில் வைத்து, முதலில் தள்ளுபடி மெயிலை நிறுத்தினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

‘எங்கள் ஊரில் பெரிய மழை. உங்கள் ஊரில் எப்படி? செடி போனால் போகட்டும், விதை நம்மிடம் இருக்கிறது. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா? முடிந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.’

“அவ்ளோதானா சார்?”

“அவ்ளோதான்.”

“படிச்சிக் காட்டட்டுமா?”

“வாணாம் வாணாம்! படிச்சின்னா நான் மாத்திடுவேன். அனுப்பு.”

“கீழ யார் பேரு போடறது?”

“என் பேரு போடு. இல்ல, வாணாம். கம்பெனி பேரு... அதும் வாணாம்...” என்பதோடு லைன் அறுந்துவிட்டது.

பேட்டரி சிவப்பில் இருந்தது. என்ன பேர் போடுவது என்று யோசிக்க நேரமில்லை. விரலுக்குப் பழக்கமான பேரை அடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். ‘இப்படிக்கு, டிராப்ட்டு சார்.’ பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் அணைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேருக்கு அவருடைய பட்டப் பேரைச் சொல்லிவிட்டேன். அவருக்கு அப்படி ஒரு பேர் இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் எதிர்வீட்டு ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் போட்டு மெயிலைத் திறந்தேன். பதில்கள் வந்து குவிந்திருந்தன. ‘அன்புள்ள டிராப்ட்டு சார்’ என்று சிலதும், ‘திரு. டிராப்ட்டு அவர்களுக்கு’ என்று சிலதும். சென்னையிலிருந்து ஒருவர், ‘தக்காளித் தொட்டி மிதக்கிறது, நான் மிதக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். ரிட்டையர்டு ஜட்ஜு, ‘நலம். தோட்டக்காரனை விசாரித்ததற்கு நன்றி’ என்று எழுதியிருந்தார்.

ஒரு பதிலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ‘மாட்டுக் கொட்டாய்ல உக்காந்திருக்கேன். கண்டாச்சிபுரத்துலேர்ந்து ரோடு கட் ஆயிடுச்சி. நான் நல்லா இருக்கேன். மெயில மாத்துனது யாரு?’ முதலாளி! அவர் பேரும் அந்த லிஸ்ட்டில் இருப்பதை நாங்கள் மறந்தே போனோம்.

இன்னொன்று வளைகுடாவிலிருந்து. ‘நான் இங்கே வெயிலில் பத்திரமாக இருக்கிறேன். கோட்டக்குப்பத்தில் அம்மா தனியாக இருக்கிறார். நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை. உங்களுக்கு அங்கே யாரையாவது தெரியுமா?’ கீழே தெருப் பேர் இருந்தது. நஸ்ரினுக்குப் போன் போட்டேன். அவளுக்கு லைன் கிடைத்ததே பெரிய காரியம். “அது எங்க தெருவுக்குப் பின்னாடிதான்க்கா” என்று அப்போதே புறப்பட்டாள். டிராஃப்ட்டு சாருக்குச் சொன்னேன். அடுத்த ஒரு மணி நேரம் அவர் எனக்கு விட்டு விட்டுப் போன் செய்துகொண்டே இருந்தார். “போயிட்டாளா? அவ பத்திரமாப் போவாளா? அவளுக்கு நீச்சல் தெரியுமா?” நஸ்ரின் கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாராம். போன் செத்துப்போயிருந்ததாம். “எம்மவன் என்னைத் தேட ஆள் வெச்சிட்டானா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டாராம். நஸ்ரின் தன் போனிலேயே மகனோடு பேச வைத்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் கேட்டு டிராஃப்ட்டு சார் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அதற்கு அவருக்கு ஏது நேரம்?

“பதில் போடாதவங்க யார் யாருன்னு பாத்தியா?”

“சார், எல்லாரும் பதில் போடணும்னு இருக்கா?”

“நம்ம அம்மா?”

பார்த்தேன். தனலட்சுமி பதில் போடவில்லை. அந்த மெயிலைத் திறக்கவே இல்லை. இதுவரை அப்படி நடந்ததில்லை. “எங்க ஊர்ல ஏரிப் பக்கம்தான்மா தண்ணி ஜாஸ்தி. அவங்க தெருவும் அங்கதான்” என்றார். நம்பரைத் தேடிக் கூப்பிட்டோம். அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

தண்ணீர் வடிந்து பஸ் விட்ட அன்றைக்கு நான் திண்டிவனம் போய் இறங்கினேன். டிராஃப்ட்டு சார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“தனியாப் போவ பயமா இருந்துச்சிம்மா” என்றார்.

வழியில், அந்தப் பேருக்காக மன்னிக்கச் சொல்லி மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டினார். “அது எனக்குத் தெரியும்மா, ரொம்ப நாளா. ஆனா நீ டிராப்ட்டுன்னு போட்டுட்ட. ஃப போட்டிருக்கணும். அத்தினி பேருக்கும் தப்பாப் போயிடுச்சி பாரு” என்றார்.

தெருவெல்லாம் சேறு. வீடுகளுக்கு வெளியே பாயும் தலையணையும் காய்ந்துகொண்டிருந்தன. தனலட்சுமியின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. டிராஃப்ட்டு சார் என்னை முன்னே தள்ளிவிட்டார். நான்தான் கூப்பிட்டேன்.

நாற்பது வயதுப் பெண் ஒருவர் கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார். “யாருங்க?”

“தனலட்சுமிங்களா?”

“ஆமா, நான்தான்.”

டிராஃப்ட்டு சார் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். சேறு என்று கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று நான் சொன்னேன். போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம், அரிசிக்குள் போட்டுவைத்திருக்கிறாராம்.

“அதுக்காகவா இம்மாந்தூரம் வந்தீங்க?” என்று ஆச்சரியப்பட்டார் தனலட்சுமி.

“நீங்கதாங்க எங்க மெயில மொதல்ல தொறக்கறவங்க” என்றார் டிராஃப்ட்டு சார். “ஒரே மெயில எத்தினி தடவ படிக்கிறீங்க!”

தனலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் விழுப்புரத்துல துணிக்கடையில வேல செய்யறேன். பஸ்ல நின்னுக்கினு படிப்பேன். பாதி படிக்கிறதுக்குள்ள கண்டக்டரு வந்துடுவாரு. மறுபடி தொறந்தா ஸ்டாப்பிங் வந்துடும். கடையில தொறந்தா கஸ்டமர் வந்துடுவாங்க. உங்க மெயிலு நீ...ளமா இருக்கும். இன்னி வரைக்கும் ஒண்ணக்கூட முழுசா முடிச்சதில்ல சார்.”

நான் டிராஃப்ட்டு சாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன், அல்லது அழுதுவிடுவேன்.

“ஒண்ணு கூடவா?” என்றார் அவர்.

“ஒண்ணு கூட. முருங்கையில கம்பளிப்பூச்சி வந்தா இன்னா செய்யணும்னு ஆரம்பிச்சீங்களே, அதுக்கு முடிவுல இன்னா சார் சொன்னீங்க? மரம் பூரா ஏறிக்கினு கெடக்குது.”

அவர் எழுந்தார். இரண்டு பேரும் பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போனார்கள். மழையில் சாய்ந்திருந்தாலும் மரம் உயிரோடு இருந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொன்னார். எவ்வளவு என்று தனலட்சுமி கேட்டார். டிராஃப்ட்டு சார் ஒரு டம்ளரை வாங்கி, அளவை அதில் விரலால் தொட்டுக் காட்டி, அவரை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

மெயில் வேலை போகவில்லை. முதலாளி ஆபீஸுக்கு வந்த அன்றைக்கு, வழக்கம்போல் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, “அந்தக் கொட்டாய்ல உக்காந்திருந்தப்ப எனக்கு வந்தது உங்க மெயிலு ஒண்ணுதான் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். தண்ணீரில் தோட்டத்தை இழந்தவர்கள் பிறகு மெதுவாகத் திரும்பி வந்து விதை கேட்டார்கள். அன்றிலிருந்து டிராஃப்ட்டு சார் ரயிலை விட்டுவிட்டு, ஒவ்வொரு மெயிலையும் திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடி வாய்க்குள் படித்துப் பார்ப்பார். கண்டக்டர் வருவதற்குள் முடியவில்லை என்றால், வெட்டிவிடுவார்.

நான் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வேறு வேலை, வேறு மாடி. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், திண்டிவனத்தில் ஒருவர் என் நம்பரைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, கூப்பிடலாமா, தொந்தரவாக இருக்குமோ, வேலையில் இருப்பேனோ என்று தவித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் தவிக்க வேண்டாம் என்று, முதல் தூறலிலேயே நான் கூப்பிட்டுவிடுகிறேன்.

“நல்லா இருக்கேன் சார்.”